தேவாங்கை போட்டோ எடுக்கலாமா? பிளாஷ் அடித்தால் என்ன ஆகும்? சட்டம் என்ன சொல்கிறது?

ராத்திரி ஒன்பது மணி. நெய்க்காரப்பட்டி பக்கம் தோட்டத்துக்குத் தண்ணீர் திறந்துவிடப் போகும் ஒருவர், வேலியோரம் டார்ச் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடைமரக் கிளையில் ஆரஞ்சு நிறத்தில் ரெண்டு பொட்டு மின்னுகிறது. அது தேவாங்கு. அடுத்த நொடி கை எங்கே போகும்? சட்டைப்பையில் இருக்கும் செல்போனுக்குத்தான்.

அந்த ஒரு போட்டோவால் தேவாங்குக்கு என்ன ஆகும்? எடுப்பவருக்கு என்ன சிக்கல் வரும்? பார்க்கலாம்.

திண்டுக்கல்லுக்கும் தேவாங்குக்கும் என்ன சம்பந்தம்?

2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'கடவூர் தேவாங்கு சரணாலயம்' அமைத்து அறிவிப்பு வெளியிட்டது. தேவாங்குக்காகவே இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இதுதான். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காடு இதில் வருகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் தாலுகாக்களின் வனப்பகுதிகள் இதில் அடங்கும்.

நெய்க்காரப்பட்டி இருப்பது மாவட்டத்தின் மேற்குக் கோடியில். சரணாலயம் இருப்பதோ வடகிழக்கில். 'அப்போ நமக்கு இது பொருந்தாதே' என்று நினைக்க வேண்டாம். சரணாலயத்துக்கு வெளியே, உங்க தோட்டத்து வேலியில் இருந்தாலும் தேவாங்குக்கு அதே சட்டப் பாதுகாப்பு உண்டு.

பிளாஷ் அடித்தால் என்ன ஆகும்?

தேவாங்கு பகலில் அடர்ந்த இலைகளுக்குள் சுருண்டு தூங்கும். இரை தேடுவது எல்லாம் ராத்திரியில்தான். வண்டு, வெட்டுக்கிளி போன்ற பூச்சிகள்தான் அதன் முக்கிய உணவு. அந்த வகையில் விவசாயிக்கு அது கூட்டாளி.

இருட்டில் பார்க்கத்தான் அதற்கு அவ்வளவு பெரிய கண்கள். கண்ணுக்குள் பின்பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. உள்ளே வரும் கொஞ்சம் வெளிச்சத்தையும் அது திருப்பி அனுப்பி, பார்வையைக் கூட்டும். டார்ச் வெளிச்சத்தில் கண் மின்னுவதும் இதனால்தான். நிலா வெளிச்சத்துக்குப் பழகிய அந்தக் கண்ணில் பக்கத்திலிருந்து பிளாஷ் அடித்தால், கூச்சத்தில் கொஞ்ச நேரம் பார்வையே சரியாகத் தெரியாது. கிளை விட்டுக் கிளை போகவும் இரை பிடிக்கவும் கண்ணை நம்பியிருக்கும் விலங்குக்கு அது ஆபத்தான நேரம்.

இன்னொன்று. ஆபத்து என்று தெரிந்தால் தேவாங்கு ஓடாது, அசையாமல் நின்றுவிடும். 'போஸ் கொடுக்குதுடா' என்று நாம நினைக்கிறோம். உண்மையில் அது பயந்துபோய் நிற்கிறது.

பிடித்து வைத்து போட்டோ எடுத்தால்?

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்வார்கள். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் தேவாங்கு இருக்கிறது. அந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, விரட்டுவது, இரை வைத்து வரவழைப்பது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். 'சும்மா செல்ஃபிக்குத்தான் பிடிச்சேன், அப்புறம் விட்டுட்டேன்' என்ற பதில் எடுபடாது.

தண்டனை? குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

தூரத்தில் நின்று படம் எடுப்பது வேட்டை ஆகாது. ஆனால் சரணாலயத்துக்குள் போய் எடுக்க வேண்டும் என்றால் வனத்துறையின் அனுமதி கட்டாயம். உள்ளே விலங்குகளைச் சீண்டுவதும் குற்றம்.

கடலில் டால்பினுக்கும் இதே கதைதான்

வடக்கே ஒடிசாவின் சிலிகா ஏரியில் ஐராவதி டால்பின்களைப் படம் எடுக்கப் படகில் நிறைய பேர் போகிறார்கள். டால்பின் மூச்சு விட நீர்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். நல்ல போட்டோ வேண்டும் என்று படகைக் கிட்டே விரட்டினால், மூச்சு விட வரும் இடத்திலேயே அதற்கு இஞ்சின் சத்தமும் விசிறி அடியும் காத்திருக்கும். தேவாங்குக்கு வெளிச்சம் என்றால் டால்பினுக்குப் படகு. நாம கிட்டே போகப் போக விலங்குக்குத்தான் சேதம்.

அப்போ எப்படித்தான் எடுப்பது?

* பிளாஷை முதலிலேயே அணைத்துவிடுங்கள். 'ஆட்டோ'வில் விட்டால் அதுவே அடித்துவிடும்.
* டார்ச் முகப்பில் சிவப்பு கண்ணாடித்தாளைக் கட்டுங்கள். இரவு விலங்குகளின் கண்ணைச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. ஆய்வாளர்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரும், பரவாயில்லை.
* கிளையை உலுக்காதீர்கள், கல் எறியாதீர்கள்.
* கேமரா செட்டிங்கில் 'லொகேஷன்' வசதியை அணையுங்கள். மூடநம்பிக்கையால் மாந்திரீகத்துக்கும் நாட்டு மருந்துக்கும் தேவாங்கைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். போட்டோவோடு சேர்ந்து போகும் இடக்குறிப்பு அவர்களுக்கு வழிகாட்டியாகிவிடும். பதிவில் தோட்டத்தின் பெயரையும் போட வேண்டாம்.
* ரெண்டு மூணு படம் போதும். எடுத்ததும் வெளிச்சத்தை அணைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அடிபட்ட தேவாங்கைப் பார்த்தால் நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். உடனே பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். போட்டோவை அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.