“அவளுக்கென்ன, ஃபாரின்ல இருக்கா!”

எங்கள் கடையத்தில் ஒரு பெண்ணைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டார்களானால் அதோடு பேச்சு முடிந்தது. அதற்கு மேல் அவளுக்கு ஒரு குறை இருக்கலாம் என்றே யாருக்கும் தோன்றாது. தென்காசி, கடையநல்லூர், கடையம் வட்டாரத்தில் துபாய், மஸ்கட், சிங்கப்பூர், அமெரிக்கா என்று ஆள் போகாத தெரு அபூர்வம். மாப்பிள்ளை என்ன சம்பளம் வாங்குகிறார், வீட்டில் எத்தனை ஏ.சி. என்றெல்லாம் விசாரிப்பார்கள். காலை ஏழரைக்கு அவர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, சாயங்காலம் திரும்பி வருகிற வரைக்கும் அந்தப் பெண் நாலு சுவருக்குள் என்ன செய்கிறாள் என்று மட்டும் கேட்க மாட்டார்கள்.

நான் கேட்பேன். 2004-லிருந்து 2012 வரை எட்டு வருஷம் மஸ்கட்டில் குடும்பம் நடத்தியவள் நான். இப்போது என் அண்ணன் மகள் ஏழு மாதக் குழந்தையோடு அமெரிக்கா போகப் போகிறாள். அவளுக்குச் சொல்ல நினைத்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பெண் பெட்டி கட்டிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

முதல் மூன்று மாதம் ஒன்றும் தெரியாது. புது வீடு, புதுச் சாமான், வெள்ளிக்கிழமையானால் கடற்கரை, பெரிய பெரிய கடைகள். போட்டோ எடுத்து அனுப்புவதிலேயே பொழுது போய்விடும். அதற்குப் பிறகுதான் மத்தியான நேரம் நீள ஆரம்பிக்கும். மஸ்கட்டில் கோடைகாலத்தில் வெயில் 45 டிகிரியைத் தொடும். ஜன்னலைத் திறக்க முடியாது. ஏ.சி. சத்தம், ஃபிரிட்ஜ் சத்தம், பிள்ளை தூங்கும் சத்தம், அவ்வளவுதான். சமையல் பதினோரு மணிக்கே முடிந்துவிடும். அந்த ஊர் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே மணி இரண்டு அடிக்கும்போது இங்கே அம்மா சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மூன்றரை மணிக் காப்பிக்கு அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருப்பாள். அதை நினைத்தால் போதும், தொண்டை அடைக்கும்!

எங்கள் பக்கத்துப் பெண்கள் பீடி சுற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கஷ்டமான வேலைதான். கூலியும் சொற்பம், உடம்புக்கும் நல்லதில்லை. ஆனால் நாலைந்து பேர் திண்ணையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கை பாட்டுக்கு ஓட, ஊர்க்கதை பேசுவார்கள். ஒருத்தி வரவில்லையென்றால், “ஏட்டி, இன்னைக்கு அவளைக் காணோமே, உடம்புக்கு என்ன?” என்று ஒரு குரல் கட்டாயம் எழும். வெளிநாட்டுப் பிளாட்டில் இல்லாதது இந்தக் குரல்தான். பேச்சுத் துணைக்காவது டெலிபோன் இருக்கிறது. நம்மைக் காணோமே என்று தேட அக்கம்பக்கத்தில் ஒரு ஜீவன் இல்லை என்பதுதான் மனசை அரிக்கிறது.

இது இந்தக் காலத்துக் கதை மட்டுமில்லை. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி நூறு வருஷத்துக்கு முன்பே இதைப் பட்டிருக்கிறாள். மகாகவி பாரதியாரின் மனைவி செல்லம்மாவைத்தான் சொல்கிறேன். 1890-ல் கடையத்தில் பிறந்தவர். ஏழு வயசில் கல்யாணம். 1908-ல் பிரிட்டிஷ் போலீஸிடமிருந்து தப்பிக்கப் பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஊர். நம் நாட்டிலேயே இருந்த அயல்நாடு என்று சொல்ல வேண்டும். பிறகு செல்லம்மாவும் அங்கே போய்ச் சேர்ந்தார். இரண்டு பெண் குழந்தைகள், நிலையான வருமானம் கிடையாது, வெளியே வேவு பார்க்கும் ஆட்கள், ஊரிலிருந்து வரும் தபாலுக்குக்கூடக் கண்காணிப்பு. கணவர் எல்லை தாண்டினால் கைது! நமக்கு வாரம் மூன்று முறை வீடியோவில் அம்மா முகத்தைப் பார்த்தும் அழுகை வருகிறதே, அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அவர் தாங்கியதற்கு ஒரு காரணம் எனக்குத் தெரிகிறது. அவர்களைப் போலவே நாடு கடந்து வந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. வ.வே.சு. ஐயர் வீடு, மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியார் வீடு. ஆச்சாரியாரின் மகள் யதுகிரி சின்னப் பெண்ணாகப் பாரதியார் வீட்டுக்கு வந்து போய், பிற்காலத்தில் அந்த நாட்களைப் புத்தகமாகவே எழுதினார். வந்து போக ஒரு வீடு, நம் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற ஒரு குழந்தை... இது இருந்தால் பாதிக் கவலை கரைந்துவிடும்.

சரி, நமக்கு அந்த வீடு எப்படிக் கிடைக்கும்? எனக்குக் கிடைத்தது உறைமோரால்! போன ஒரு வாரத்துக்குள் அடுத்த பிளாட் மலையாளச் சேச்சியிடம் ஒரு கரண்டி மோர் கேட்டுப் போய் நின்றேன். கடையில் தயிர் டப்பா டப்பாவாக விற்கிறது, அதில் ஒரு ஸ்பூன் விட்டால் உறையப் போகிறது. அது எனக்கும் தெரியும், சேச்சிக்கும் தெரியும். ஆனால் கதவைத் தட்ட ஒரு காரணம் வேண்டாமா? மறுநாள் அவர் கறிவேப்பிலை கேட்டு வந்தார். புது இடத்தில் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பதைவிட, சின்னதாக ஏதாவது கேட்பது நல்ல வழி என்பது என் அனுபவம். கொடுத்தால் ‘நன்றி’ என்று வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார்கள். கேட்டால், தாங்களும் கேட்கலாம் என்ற உரிமை அவர்களுக்கு வந்துவிடும். (காய்ந்த மிளகாய்க் காம்பைப் போட்டாலும் பால் உறையும். அந்த வித்தையை என் அண்ணன் மகளுக்கு நான் சொல்லித் தரவில்லை!)

தமிழ் பேசுகிற ஆள்தான் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். தமிழ்ச் சங்கங்கள் எத்தனையோ ஊரில் இருக்கின்றன, போங்கள், பொங்கல் விழாவில் கோலம் போடுங்கள். ஆனால் அது மாதம் ஒரு நாள் கூடுவது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிள்ளைக்கு ஜுரம் அடித்தால் ஓடி வருகிறவள் எதிர்வீட்டுக்காரிதான். அவள் பாகிஸ்தானியோ பிலிப்பைன்ஸ்காரியோ, யாராக இருந்தால் என்ன?

தினமும் ஒரு முறையாவது வாசல் தாண்ட வேண்டும். வெயில் நாட்டில் விடியற்காலை, குளிர் நாட்டில் வெயில் வந்த உடனே. ரொட்டி வாங்கவோ, குப்பை போடவோ, எதற்காகவாவது. ஒரே நேரத்தில், ஒரே வழியில் போனால் கடைக்காரர் முகம் தெரிந்துவிடும், ‘நேற்று வரவில்லையே’ என்பார். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் உடம்பில் வைட்டமின் டி குறைந்து, கை கால் குடைச்சலும் அசதியும் வரும். வெயில் கொளுத்தும் வளைகுடா நாடுகளிலேயே பெண்களிடம் இந்தக் குறை அதிகமாகக் காணப்படுகிறது என்றால் ஆச்சரியமாயில்லை?

அமெரிக்காவில் பொது நூலகம் ஒரு வரப்பிரசாதம். பல நூலகங்களில் வாரம் ஒரு நாள் சின்னக் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கிறார்கள். காசு கிடையாது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனால் அதே வயசுக் குழந்தையோடு பத்துத் தாய்மார்கள் உட்கார்ந்திருப்பார்கள். சிங்கப்பூர் நூலகங்களில் தமிழ்ப் புத்தகங்களே கிடைக்கும், அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று.

படித்து வேலை பார்த்த பெண்ணாக இருந்தால் இன்னொரு வேதனையும் உண்டு. எச்-1பி விசாவில் போகிறவரின் மனைவிக்கு எச்-4 விசா கொடுக்கிறார்கள். அதில் வேலை பார்க்க 2015 மே மாதம் வரை வழியே இல்லை. அதற்குப் பிறகும், கணவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் மனைவி அனுமதி கேட்க முடியும். ஆனால் படிக்கத் தடையில்லை. இதையெல்லாம் கல்யாணப் பேச்சு நடக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நகை எத்தனை பவுன் என்று பேச ஒரு மணி நேரம் இருக்கிறது, இதற்கு ஐந்து நிமிஷம் இல்லையா?

பாரதியார் காசியில் படித்துக்கொண்டிருந்தபோது செல்லம்மாவுக்கு எழுதிய ஒரு கடிதம் பிரசித்தம். கவலைப்படுகிற நேரத்தில் தமிழ் படி என்று அதில் எழுதியிருப்பார். படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும். கவலைப்படுகிறவளிடம் போய்ப் பாடம் படி என்கிறாரே! ஆனால் மஸ்கட்டில் நான் அரபியில் எண்களும் கடைச் சாமான் பெயர்களும் கற்றுக்கொண்டபோதுதான் அதன் பலன் தெரிந்தது. தனியாக டாக்ஸி பிடித்து, பேரம் பேசி, மார்க்கெட் போய் வந்த அன்று எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே!

கணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் வாசலில் ஷூவைக் கழற்றும்போது வேண்டாம், சாப்பிட்ட பிறகு சொல்லுங்கள். ‘எனக்கு போரடிக்குது’ என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால், ‘டி.வி. பாரு’ என்பார். ‘வாரம் இரண்டு நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கோங்க, நான் நடந்துட்டு வரேன்’ என்று கணக்காகச் சொன்னால் காரியம் நடக்கும். உங்கள் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையில் கொஞ்சம் காசும் வேண்டும்.

பிரசவம் ஆனவர்கள் விஷயத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அம்மா விமானம் ஏறி வருவாள், பத்தியச் சாப்பாடு போடுவாள், மூன்று மாதமோ ஆறு மாதமோ இருப்பாள். அவள் திரும்பிப் போகிறாளே, அந்த வாரம்தான் ஆபத்தானது. எங்கள் கட்டடத்திலேயே ஒரு பெண், ஆந்திராக்காரி, அம்மா போன பிறகு திரைச்சீலையைத் திறப்பதை விட்டாள். தலை வாரவில்லை. குழந்தை அழுதால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். “சோம்பேறி” என்று பேசினவர்கள் உண்டு. சேச்சிதான் இது வியாதி என்று கண்டுகொண்டு, அவள் புருஷனைக் கூப்பிட்டுச் சொல்லி டாக்டரிடம் அனுப்பினார். சில மாதங்களில் தேறினாள். இப்போது அந்தக் குழந்தை காலேஜ் போகிற வயசு.

பிள்ளை பெற்ற முதல் சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். அதற்கு மேலும் நீடித்தால், தூக்கம் பசி இல்லாமல் போனால், குழந்தை மேல் ஒட்டுதலே வரவில்லையென்றால், ‘நான் இருந்து என்ன’ என்று தோன்றினால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். பிரசவமான பெண்களில் நூற்றுக்கு 13 பேருக்கு மனநோய், பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் இது கிட்டத்தட்ட 20. குணப்படுத்தக்கூடியது. பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, டாக்டர் பார்த்துக் கொடுப்பார். பரிகாரம், மந்திரிப்பு என்று நாள் கடத்தாதீர்கள்.

அமெரிக்காவில் தாய்மார்களுக்கென்றே 1-833-852-6262 என்ற இலவச எண் 2022-லிருந்து இருக்கிறது, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். ஐக்கிய அரபு நாடுகளில் இருக்கும் இந்தியர்கள் எந்தக் கஷ்டத்துக்கும் 800 46342-ஐக் கூப்பிடலாம், அது நம் அரசின் உதவி மையம். இங்கே ஊரில் இருக்கும் தாயார், ‘மகள் குரலே சரியில்லையே’ என்று பதறினால் 14416-ஐக் கூப்பிட்டு யோசனை கேட்கலாம். ‘டெலி மானஸ்’ என்று பெயர், தமிழிலேயே பேசுவார்கள்.

ஊரில் இருக்கிற நமக்கும் ஒரு வார்த்தை. செல்லம்மா பத்து வருஷம் கழித்து, 1918 கடைசியில், கணவரோடு கடையம் வந்தார். சொந்த மண்தான். ஆனால் ஜாதி வித்தியாசம் பாராட்டாத பாரதியாரை அக்கிரகாரத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. புதுச்சேரியிலாவது தோழிகள் இருந்தார்கள், பிறந்த ஊரில் அந்த அம்மாள் எப்படித் தலை நிமிர்ந்து தண்ணீருக்குப் போனாரோ! இப்போது அவர்கள் இருவருக்கும் ஊரிலே சிலை வைத்திருக்கிறோம். 2022-ல் திறந்தார்கள்.

அதனால் லீவில் வருகிற பெண்ணிடம், “என்னட்டி கொண்டு வந்தே?” என்று பெட்டியைப் பார்க்காமல், “பக்கத்து வீட்டுல யாரு இருக்கா? அவ பேரென்ன? கடைசியா எப்போ அவ வீட்டுக்குப் போனே?” என்று கேட்டுப் பாருங்கள். போனிலும் ‘சாப்ட்டியா, என்ன குழம்பு’ என்பதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். பெயர் தெரியவில்லை என்று அவள் சொன்னால், அடுத்த வாரமும் கேளுங்கள்.