வீடு வாடகைக்கு, கடல் அன்று

கேரளத்தில் ஆலப்புழைக்கு வடக்கே மாராரிக்குளம் என்னும் அமைதியான கடலோர ஊர் உள்ளது. தென்னந்தோப்புகளின் நடுவே, மீனவர் இல்லங்களுக்கு அருகிலேயே, தனி வீடுகள் விடுமுறைக்கு வாடகைக்குக் கிடைக்கின்றன. பாட்டி முதல் பேரன் வரை ஒரே கூரையின்கீழ்த் தங்க விழைவோருக்கு விடுதி அறைகளைவிட இவை ஏற்றவை.

முன்பணம் செலுத்துமுன் கேட்டறிய வேண்டியவை சில உண்டு. சமையற்காரரின் ஊதியம் வாடகையில் அடங்குமா? பயணம் தடைப்பட்டால் பணம் திரும்புமா? வீட்டிற்கும் கடலுக்கும் இடையே எவ்வளவு தொலைவு? விளம்பரப் படத்தில் அலை மட்டுமே தெரியும்!

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம், கடல் கொந்தளிக்கும். வாடகை குறைவென்று நாங்கள் ஓர் ஆண்டு ஆகஸ்டில் சென்றோம். முழங்காலளவு நீரில் நின்ற இளைய மகனைத் திரும்பிச் சென்ற அலை இழுத்தது. வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் ஓடிவந்து கைப்பற்றினார். அதுவரை அவர்முன் கிடந்த வலைகளை நாங்கள் மிதித்தே கடந்திருந்தோம். அந்த மணல் அவர்களுடைய தொழிற்களம் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை.

அருகிலுள்ள அர்த்துங்கல் புனித அந்திரேயா பசிலிக்காவில் புனித செபஸ்தியார் திருவிழா ஜனவரி 20. தனிமையை நாடுவோர் அந்நாள்களைத் தவிர்க்கலாம். நாங்கள் மறுமுறை அப்போதுதான் சென்றோம், கடலும் அடங்கியிருந்தது.