துறைமுக மாவட்டத்தில் உணவு, மருந்துச் சட்டத்தரணி

திருகோணமலையின் சீனக்குடாவிலுள்ள பிறீமா ஆலையில் அரைபடும் கோதுமை மாவும், நிலாவெளி உப்பளங்களில் விளையும் உப்பும், கடைகளில் விற்பனைக்கு வரும்போது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு உட்படுகின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எடுத்த மாதிரியில் குறையிருப்பதாகப் பகுப்பாய்வாளர் அறிக்கையிட்டால், வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குச் செல்லும். அங்கே வணிகர் சார்பில் தோன்றும் சட்டத்தரணி, மாதிரி முறைப்படி பகுக்கப்பட்டதா, முத்திரை குலையாதிருந்ததா, சுட்டுத்துண்டில், அதாவது பொதியில் ஒட்டிய விவரத்தாளில், காலாவதித் திகதி தெளிவாக உள்ளதா என ஒவ்வொன்றாக ஆராய வேண்டும். இரசாயனம் அறியாத வாதத்திறன் இங்கே எடுபடாது.

மருந்துத் துறையின் இயல்பு வேறு. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை, மருந்துகளையும் மருத்துவ சாதனங்களையும், உணவுக்கும் மருந்துக்கும் இடைப்பட்ட எல்லைநிலைப் பொருள்களையும் பதிவுசெய்கிறது. பேராசிரியர் சேனக்க பிபிலே 1970களிலேயே வகுத்த மருந்துக் கொள்கைக்கு இத்தகைய சட்ட வலு கிடைக்க இத்தனை ஆண்டுகள் சென்றமை வருந்தத்தக்கது. பதிவு ஆலோசனை பெரும்பாலும் கொழும்பு சார்ந்ததாயினும், மருந்தகம் நடத்துவோருக்கு அனுமதிப்பத்திர நிபந்தனைகளைத் தமிழில் விளக்கி, தவறு நேருமுன்னரே தடுக்கும் பணி திருகோணமலையிலேயே செய்யத்தக்கது; நீதிமன்ற வாதத்தைவிட மக்களுக்கு மிகுந்த பயன் தருவதும் அதுவே.