சாலையில் நடக்கவும் ஊர்தியில் ஏறவும்: ஆசிரியர் எம்.சி. ராஜாவின் சட்டம்

பூவிருந்தவல்லி இன்று தனித்தொகுதி. ஆவடியும் அம்பத்தூரும் பொதுத்தொகுதிகள். தனித்தொகுதி உறுப்பினர் ஒருவர் தம் மக்களுக்காக எவ்வளவு தூரம் செல்ல இயலும் என்னும் கேள்விக்கு விடை தேடுவோர், பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம்.சி. ராஜாவின் வாழ்விலிருந்து தொடங்குவது பொருத்தம்.

பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிப் பாடநூல்களும் எழுதியவர் ராஜா. 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். இழிபெயர்களை நீக்கி ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் எனக் குறிக்க வேண்டும் என்ற 1922ஆம் ஆண்டுத் தீர்மானம் அவருடைய முயற்சியே.

1938இல் அவர் கொண்டுவந்த குடிமைத் தடைகள் நீக்கச் சட்டம், ஒடுக்கப்பட்டோர் பொதுக்கிணறு, குளம், பாதை, போக்குவரத்து வசதி ஆகியவற்றைப் பயன்படுத்துவதைச் சாதியின் பெயரால் தடுக்கக் கூடாது என்றது. தடை விதிக்கும் வழக்காற்றை நீதிமன்றம் ஏற்கலாகாது என்றும் கூறியது. 'ஊர் வழக்கம்' என்ற வாதத்தின் சட்ட வலிமையை முறித்ததே இதன் சிறப்பு. பேருந்து அன்று புதியது. ஆனால் அதில் ஏறத் தடுத்த வழக்கமோ பழையது.

அதே ஆண்டு ராஜா கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதா தோற்றது. முதலமைச்சர் ராஜாஜி அதனை ஆதரிக்கவில்லை. ஆளுங்கட்சியின் தனித்தொகுதி உறுப்பினர்களிலும் பெரும்பாலோர் கட்சிக் கட்டளைக்குப் பணிந்து எதிர்த்து வாக்களித்தனர். 1932இல் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்து கூட்டுத் தொகுதியை ஆதரித்தவர் ராஜாவே என்பதால், இத்தோல்வியின் பொருள் ஆழமானது. பிறர் வாக்கையும் கட்சியின் தயவையும் நம்பி வெல்பவரின் நாவு யாருக்குக் கட்டுப்பட்டது என்ற அம்பேத்கரின் ஐயம் அவையிலேயே மெய்யானது.

ராஜா 1943இல் மறைந்தார். அவர் சட்டமாக்கிய உரிமை அரசமைப்பின் 15(2), 17 ஆகிய கூறுகளிலும், 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்திலும் விரிவடைந்தது. மிதிவண்டி, மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பதும் குற்றம் என வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. இத்தகைய பிரிவு இன்னமும் தேவைப்படுகிறது என்பதே வேதனை.

சுந்தரலிங்கம் பெயரை ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குச் சூட்டியதற்கு 1997இல் தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டதும், அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியதும் நாம் அறிந்தவையே. ஏறி அமரும் உரிமையைச் சட்டம் தந்தது. பேருந்தின் மீது நம் பெயர் இருப்பதைச் சாதி பொறுக்கவில்லை.

ஆகவே வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: கட்சிக் கட்டளையும் மக்கள் உரிமையும் மோதும் நாளில் உங்கள் வாக்கு எந்தப் பக்கம்?