வீடு மாறினாலும் சொல்ல வேண்டும், மாறாவிட்டாலும் சொல்ல வேண்டும்!

(வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் வணிகர்கள் கவனத்திற்கு)



நமது கரிவலம்வந்தநல்லூரிலும் சங்கரன்கோவில் சுற்று வட்டாரத்திலும் வெளிநாட்டில் ஒரு பிள்ளையாவது இல்லாத வணிகர் குடும்பம் இன்று குறைவு. கல்லாவில் உட்கார வேண்டிய மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். தராசு பிடிக்க வேண்டிய மருமகன் துபாயிலோ அமெரிக்காவிலோ இருக்கிறான். பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட் வரை நாம் விசாரித்து அனுப்புகிறோம். அதற்குப் பிறகு அங்கே அவன் எந்த வீட்டில் குடியிருக்கிறான், அந்த முகவரியை அந்நாட்டு அரசிடம் முறைப்படி சொல்லியிருக்கிறானா என்பதை நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? நானும் கேட்டதில்லை. கேட்காததன் பலனை எங்கள் குடும்பம் 2023-இல் அனுபவித்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது என்ன?

என் அக்காள் மகன் தாய்லாந்து நாட்டின் பாங்காக் நகரில் ஒரு நகைக்கல் கடையில் கணக்கு எழுதுகிறான். பாங்காக் நமக்குப் புதிய ஊர் அல்ல. காயல்பட்டினத்து இரத்தின வணிகர்கள் அங்கே நெடுநாளாகத் தொழில் செய்கிறார்கள். சீலோம் சாலையில் தமிழர்கள் 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் கோவில் இன்றும் சிறப்பாக நடந்து வருகிறது.

அத்தானுக்கு மதுரையில் இருதய ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். மருமகனுக்குப் போன் செய்தேன். "ரெண்டு நாள்ல வந்துருதேன் மாமா" என்றான். அவனுடைய ஓராண்டு அனுமதி முடிகிற சமயம் அது. அனுமதியை நீட்டித்து, திரும்ப உள்ளே வருவதற்கான அனுமதியும் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப முடியும். அலுவலகத்துக்குப் போனால், "90 நாள் அறிவிப்பு கொடுக்கவில்லையே" என்று நிறுத்திவிட்டார்கள். இடையில் அவன் அறை மாறியிருந்தான். புது வீட்டுக்காரரும் அவன் குடிவந்ததை அரசுக்குத் தெரிவிக்கவில்லை. அபராதம் 2,000 பாட். நம் பணத்தில் ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய். பணம் பெரிதல்ல. வீட்டுக்காரரைப் பிடித்து, தாளைச் சரிசெய்து, மறுபடி வரிசையில் நின்று முடிக்க நான்கு நாள் ஓடிவிட்டது.

ஆபரேஷன் அறைக்குள் போகுமுன் அத்தான், "அவன் வந்துட்டானா?" என்று இரண்டு முறை கேட்டார். அவன் வந்து சேர்ந்தது மறுநாள் மாலை. அத்தான் பிழைத்துக்கொண்டார், அது அந்தப் பால்வண்ணநாதர் அருள். ஆனால் அந்தக் கேள்வி என் காதிலேயே நிற்கிறது.

"வருஷ பெர்மிட்தான் கையில இருக்கே, அப்புறம் என்னன்னு விட்டுட்டேன் மாமா" என்றான் மருமகன். தவறு அந்த இடத்தில்தான். தங்கும் அனுமதி வேறு, முகவரி அறிவிப்பு வேறு. ஒன்று இருப்பதால் மற்றது தீர்ந்துவிடாது. ஜி.எஸ்.டி. பதிவு கையில் இருக்கிறது என்பதற்காக மாதக் கணக்கு தாக்கல் செய்யாமல் இருக்க முடியுமா? அதுபோலத்தான் இதுவும்.

தாய்லாந்து விதி

தாய்லாந்தின் 1979-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி, அங்கே தொடர்ந்து 90 நாளுக்கு மேல் தங்கும் வெளிநாட்டவர் 90 நாளுக்கு ஒரு முறை தாம் வசிக்கும் இடத்தை அறிவிக்க வேண்டும். வீடு மாறாவிட்டாலும் அறிவிக்க வேண்டும் என்பதுதான் இதில் விசேஷம். "அதே வீட்டில்தானே இருக்கிறேன்" என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

நாள் கணக்கை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். ஒருவர் ஜனவரி 10-இல் போய் இறங்கினால், இறங்கிய நாளையும் சேர்த்துச் சாதாரண ஆண்டில் 90-ஆவது நாள் ஏப்ரல் 9. அதற்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை அறிவிக்கலாம். இடையில் அவர் ஊருக்கு வந்து ஏப்ரல் 1-இல் திரும்பிப் போனால் பழைய கணக்கு முடிந்தது. ஏப்ரல் 1-இலிருந்து புதுக் கணக்கு தொடங்கும்.

படிவத்தின் பெயர் டி.எம். 47. நேரில் போகலாம், வேறொருவர் மூலம் கொடுக்கலாம், பதிவுத் தபாலில் அனுப்பலாம், இணையத்திலும் செய்யலாம். கட்டணம் கிடையாது. முடித்தவுடன் அடுத்த தேதி போட்ட சீட்டு ஒன்று தருவார்கள். அதைப் பத்திரப்படுத்த வேண்டும். 2022-இல் கொண்டுவந்த நீண்டகால வசிப்பு விசா பெற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை அறிவித்தால் போதும்.

இன்னொரு படிவம் டி.எம். 30. வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் கொடுக்க வேண்டியது. கடமை வீட்டுக்காரருடையது என்றாலும், அவர் கொடுக்காவிட்டால் அலைவது குடியிருப்பவர்தான். ஆகவே சாவி வாங்கும்போதே அந்தச் சீட்டின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

மற்ற நாடுகள்

சிங்கப்பூர்: நிரந்தரவாசிகள் வீடு மாறினால் 28 நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். தவறினால் 5,000 வெள்ளி வரை அபராதமோ சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் முகவரி மாறினால் 5 நாளுக்குள் பதிவு செய்வது முதலாளியின் பொறுப்பு. "முதலாளி பதிந்துவிட்டாரா?" என்று பையன் கேட்டுக்கொள்வது நல்லது.

மலேசியா: குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை, நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அட்டை. நம் பக்கத்து உறவினர்கள் பலர் இந்தச் சிவப்பு அட்டையோடுதான் வாழ்நாளைக் கழித்தார்கள். அங்கே அடையாள அட்டைப் பதிவு 1948-இல் அவசரகாலச் சட்டம் வந்தபோது தொடங்கியது. முகவரி மாறினால் 30 நாளுக்குள் பதிவுத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

அமெரிக்கா: குடியுரிமை பெறாதவர் வீடு மாறினால் 10 நாளுக்குள் ஏ.ஆர். 11 என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். பச்சை அட்டை பெற்றவருக்கும் இது உண்டு. கணவர், மனைவி, பிள்ளை என ஒவ்வொருவருக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். தபால் நிலையத்தில் புது முகவரி கொடுத்துவிட்டால் குடியேற்றத் துறைக்குச் சொன்னதாக ஆகாது. ஒரு காலத்தில் வெளிநாட்டவர் அனைவரும் ஒவ்வொரு ஜனவரியிலும் முகவரி அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அறிவிப்பை 1981-இல் நீக்கிவிட்டார்கள். வீடு மாறினால் சொல்லும் கடமை மட்டும் நிற்கிறது.

ஜப்பான்: புது வீட்டுக்குப் போன 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் சொல்ல வேண்டும். பழைய வீட்டை விட்ட பிறகு 90 நாள் ஆகியும் புது முகவரி தெரிவிக்காதவரின் வசிப்புரிமையையே ரத்து செய்ய அங்கே சட்டம் இடம் தருகிறது.

நாட்டுக்கு நாடு நாள் கணக்கு வேறு. விதிகளும் அவ்வப்போது மாறும். ஆகவே இந்தக் கட்டுரையை மட்டும் நம்பாமல், அந்தந்த நாட்டுக் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் பிள்ளைகளையே பார்த்து உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள். ஏஜெண்டு சொன்னார், அறைத் தோழன் சொன்னான் என்பதெல்லாம் அபராதம் கட்டும்போது உதவாது. நம் இந்தியத் தூதரகத்தில் பெயர் பதிவது நல்ல காரியம்தான். ஆனால் அந்நாட்டு அரசுக்குச் சொன்னதாக அது ஆகாது.

பெரியப்பாவின் தகரப் பெட்டி

இந்தத் தொல்லை இன்று நேற்று வந்ததல்ல. என் பெரியப்பா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கெழுதியவர். 1948-ஆம் ஆண்டில் இலங்கை இயற்றிய குடிவரவு குடியகல்வுச் சட்டத்துக்குப் பிறகு, நம் நாட்டுக் குடிமக்களாக அங்கே தொழில் செய்தவர்கள் தற்காலிக வசிப்பு அனுமதியில்தான் இருக்க முடிந்தது. அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். 1960-களில் அனுமதி கிடைப்பது நின்றபோது அவரும் ஊர் திரும்பினார்.

அவர் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி. அதில் அனுமதிச் சீட்டு, வாடகை ரசீது, அலுவலகத்தில் கொடுத்த மனுவின் நகல் எல்லாம் வருட வாரியாக நூல் கட்டி வைத்திருந்தார். "கடல் தாண்டினவனுக்கு இருக்கிற இடத்தைக் காட்டுற தாளுதாண்டா காவல்" என்பார். கடைப் பையனாக இருந்த எனக்கு அப்போது புரியவில்லை. மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது.

நம் ஊரிலும் உண்டு

இது வெளிநாட்டார் நமக்கு மட்டும் போட்ட சட்டம் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டிலும் அதே முறைதான். கடை மாடியில் அறை கட்டி வாடகைக்கு விடும் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர் வந்து தங்கினால், தங்க இடம் கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். தமிழ் பேசுகிறவர், பூர்வீகம் நம் ஊர் என்பதால் விலக்கு இல்லை. அவர் கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதுதான் கேள்வி. 1939, 1946-ஆம் ஆண்டுகளின் பழைய வெளிநாட்டவர் சட்டங்களுக்குப் பதிலாக, 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறையில் உள்ளது.

நாம் செய்ய வேண்டியது

கடை இடம் மாறினால் 15 நாளுக்குள் ஜி.எஸ்.டி. பதிவில் திருத்தம் கேட்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். உணவுப் பாதுகாப்பு உரிமத்திலும் மாற்றுகிறோம். கடைக்குக் காட்டும் அக்கறையைப் பிள்ளைக்கும் காட்டலாமே!

பிள்ளையிடம் நான்கு கேள்வி கேளுங்கள். உன் முகவரியை யார் அறிவிக்க வேண்டும் - நீயா, வீட்டுக்காரரா, முதலாளியா? எந்த நாளிலிருந்து எத்தனை நாளுக்குள்? வீடு மாறாவிட்டாலும் அறிவிக்க வேண்டுமா? அறிவித்ததற்கு ரசீது எங்கே? இந்த நான்குக்கும் பதில் வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

ரசீதின் படத்தை உங்கள் போனுக்கும் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த தேதியைக் கடைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தவணை தேதி குறிக்கும் அதே காலண்டர் போதும். தேதி தவறிவிட்டது என்று தெரிந்தால் மறைக்க வேண்டாம். தானாகப் போய்ச் சொல்பவருக்கும் பிடிபட்டவருக்கும் வித்தியாசம் உண்டு. தாய்லாந்தில் தானாகப் போனால் 2,000 பாட். பிடிபட்டால் 5,000 வரை போகலாம், அதற்கு மேல் நாள் கணக்கும் சேரும்.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பது நம் தொழிலின் பாடம். என் கடைக் காலண்டரில் இப்போது வத்தல் லோடு வரும் தேதிக்குப் பக்கத்தில் மருமகனின் 90-ஆவது நாளும் சிவப்பு மையில் இருக்கிறது. பத்து நாள் முன்பே போன் போட்டுவிடுகிறேன். "தெரியும் மாமா, கொடுத்தாச்சு" என்று சிரிக்கிறான். சிரிக்கட்டும். அடுத்த முறை யார் கேட்டாலும், "வந்துட்டான்" என்று சொல்லும்படி இருந்தால் போதும்.