பலகையைப் படி, தோழா!

வண்டியின் பெயர் உழவன். 2013-ஆம் ஆண்டு விடப்பட்ட வண்டி. இரவில் தஞ்சையை விட்டுக் கிளம்பும்; குடந்தை, மயிலாடுதுறை, விழுப்புரம் என்று ஏறத்தாழ 350 கிலோமீட்டர் ஓடும்; பொழுது புலரும் நேரத்தில் தலைநகரைத் தொடும். பெயர் என்னவோ உழவன்தான்! ஆனால் உழவன் ஏறுவது எந்தப் பெட்டியில்? குளிரூட்டிய பெட்டியிலா? கம்பளி போர்த்திக்கொண்டா? அல்ல, தோழர்களே, அல்ல! பொதுப் பெட்டியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்து வருகிறான் ஊருக்கெல்லாம் சோறு போடுகிற உழவன்.

அப்படி ஒரு விடியற்காலையில் நாமும் எழும்பூர் நிலையத்தில் இறங்கினோம். உடன் வந்தவர் திருவையாற்றுக்கு அருகே ஒரு சிற்றூரைச் சேர்ந்த தோழர், அறுபதைத் தாண்டியவர், வயற்கூலி. ஊர்வலம் என்றால் கொடி பிடித்து முன்னால் நடப்பவர். கூட்டம் என்றால் மேடைக்குக் கம்பு நடுபவர். பசி வயிற்றைக் கிள்ளியது. எதிரே உணவு விடுதி. கண்ணாடிக் கதவு; உள்ளே மேசை, நாற்காலி, மின்விசிறி; இட்லியின் ஆவி. நாம் கதவைத் தள்ளினோம். தோழர் தள்ளியே நின்றார். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று கால் தயங்கியது. மெல்லக் கேட்டார்:

“தம்பி, நாமல்லாம் உள்ள போயி உக்காரலாமா?”

“வாங்கண்ணே! நம்ம காசு, நம்ம பசி; யாரு என்ன சொல்றது?” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனோம். உட்கார்ந்தார். உண்டார். நமக்குத்தான் அன்று இட்லி இறங்கவில்லை. அந்தக் கேள்வி தொண்டையில் நின்றுகொண்டது.

யார் கற்றுக்கொடுத்த கேள்வி அது? எந்தப் பள்ளியில் படித்த பாடம் அது?

சற்றே பின்னோக்கிப் பார்ப்போம். நம் காவிரி நாட்டுக்கு ரயில் வந்தது நேற்றல்ல. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வரை 1861-ஆம் ஆண்டு இருப்புப்பாதை போட்டாயிற்று. மறு ஆண்டு அது திருச்சியைத் தொட்டது. போட்டவன் வெள்ளையன். அவன் ஆதாயம் பார்த்தானே தவிர ஆசாரம் பார்க்கவில்லை. மூன்றாம் வகுப்புக்கு ஒரே சீட்டு. ஒரே மர இருக்கை. அக்கிரகாரமும் சேரியும் அங்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாக வேண்டும். ‘தீட்டு’ என்று சொல்லி இறங்கிக்கொண்டால் வண்டி நிற்காது!

ஆனால், வண்டி நின்றதும் என்ன நடந்தது? நிலையத்துச் சிற்றுண்டிச் சாலையில் சாதி தன் வேலையைக் காட்டியது. “பிராமணாள்” என்று ஒரு பலகை. “இதராள்” என்று இன்னொரு பலகை. இடையிலே தடுப்பு. வண்டிக்குள்ளே இடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது ஒட்டாத தீட்டு, வடை தின்னும்போது மட்டும் ஒட்டிக்கொள்ளுமாம்! சீட்டுக்குக் கொடுத்த காசில் பிராமணக் காசு, இதரக் காசு என்று உண்டா? இழுத்துச் சென்ற எஞ்சின்தான் பூணூல் போட்டிருந்ததா?

கேட்டார் ஒருவர். அந்நாளில் நீதிக்கட்சியின் தலைவராக இருந்த தந்தை பெரியார் கேட்டார். ‘விடுதலை’ ஏடு கேட்டது. ஊர்தோறும் கூட்டம் போட்டுக் கேட்டார்கள் சுயமரியாதைத் தோழர்கள். பொதுமக்கள் பணம் கொடுத்துப் போகும் இடத்தில் ஒரு சாதிக்கு மட்டும் தனி இடம் ஏன் என்ற கேள்விக்கு ரயில்வே அதிகாரிகளிடம் விடையில்லை. 1941-ஆம் ஆண்டு அந்தப் பலகைகள் இறங்கின. ஆம், தோழர்களே! நாடு விடுதலை பெறுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, நம் நாட்டு ரயிலடியின் உணவுக்கூடம் விடுதலை பெற்றது.

வெளியே கடைத்தெருவில் அந்தச் சொல் உடனே மறைந்துவிடவில்லை. 1957-ஆம் ஆண்டு சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பெயர்ப்பலகையிலிருந்து “பிராமணாள்” என்ற ஒரே ஒரு சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் கிளர்ச்சி தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் அணியணியாகச் சென்றார்கள், கைதானார்கள், சிறை புகுந்தார்கள். ஒரு சொல்லுக்காகவா இத்தனை பேர் சிறைக்குப் போவது என்று நகைத்தவர்கள் உண்டு. ஒரு சொல்லுக்காகத்தான்! அந்த ஒரு சொல்தான் கோடிப் பேரைக் கதவுக்கு வெளியே நிறுத்தியது. அந்தச் சொல்லும் கடைசியில் இறங்கியது.

இங்கேதான் நம் வியப்பு. நம் தோழர் பிறக்கும் முன்பே ரயிலடியில் பலகை இறங்கிவிட்டது. அவரை எந்த நிலையத்திலும் எவரும் தடுத்ததில்லை. பிறகு ஏன் கால் தயங்கியது? விடையைக் கடைசியில் சொல்வோம். அதற்கு முன், இன்றைய நிலையத்தில் தொங்கும் பலகைகளைப் படிப்போம்.

முதலாவது, வழி காட்டும் பலகை. அதில் முதலில் தமிழ் இருப்பதை இன்று நாம் இயல்பென்று எண்ணுகிறோம். 1952-ல் நிலையங்களில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்தார்கள் என்பதையும், 1953-ல் வடநாட்டு ஆலை முதலாளியின் பெயரைத் தாங்கி நின்ற டால்மியாபுரம் என்னும் பலகைக்கு எதிராகக் கல்லக்குடியில் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்துக் கலைஞர் சிறை சென்றார் என்பதையும் மறந்துவிட வேண்டாம். படிக்கத் தெரிந்த மொழியில் பலகை இருந்தால்தான் பாமரன் பிறர் முகம் பார்க்காமல் நடக்க முடியும். ஆகவே படியுங்கள்!

எழும்பூருக்கு இரண்டு பக்கம் வாசல். ஒன்று காந்தி-இர்வின் சாலைக்கு. மற்றொன்று பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு. எந்த வாசலில் வெளியேற வேண்டும் என்று தெரியாமல் மூட்டையோடு சுற்றி அலையாதீர்கள். 1908-ஆம் ஆண்டு திறந்த நிலையம் இது. வரைந்தவர் ஹென்றி இர்வின். ஒப்பந்தமெடுத்துக் கட்டியவர் சாமிநாதப் பிள்ளை. இப்போது அதை விரித்துக் கட்டும் வேலை நடந்துவருகிறது. அதன் பொருட்டு 2025-ல் தென்னாட்டு வண்டிகள் சில தாம்பரத்தோடு நின்றன, தாம்பரத்திலிருந்தே புறப்பட்டன. ஆகவே, ஊர் திரும்பும் நாளில் வண்டி எழும்பூரிலா தாம்பரத்திலா என்பதைச் சீட்டைப் பார்த்தும் கேட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வடக்கே போகிறவர்கள் சென்ட்ரலுக்குப் போக வேண்டும். வெளியே வந்ததும் “சென்ட்ரலா? வாங்க சார்!” என்று குரல்கள் சூழ்ந்துகொள்ளும். அவர்கள் பிழைப்பை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கையில் காசு குறைவென்றால், எழும்பூரிலேயே புறநகர் மின்சார வண்டிக்கு 5 ரூபாய்ச் சீட்டு வாங்குங்கள். அடுத்த நிறுத்தமே பார்க். இறங்கினால் எதிரே சென்ட்ரல். அருகிலேயே அரசு பொது மருத்துவமனை. காவிரிப் படுகையிலிருந்து சென்னைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்து வருகிறார்கள் என்பதை நாமறிவோம். குழந்தைக்கு நோய் என்றால் குழந்தைகள் மருத்துவமனை எழும்பூரிலேயே இருக்கிறது. அவர்களுக்கு ஐந்து ரூபாயும் பெரிது. பத்து நிமிடமும் பெரிது.

இரண்டாவது, விலைப் பலகை. “பிராமணாள்” பலகை போன இடத்தில் இன்று பணம் என்ற பலகை தொங்குகிறது. அது கண்ணுக்குத் தெரியாத பலகை. குளிர்ந்த அறையில் உட்கார்ந்து உண்ண ஒரு விலை; நடைமேடையில் நின்று உண்ண ஒரு விலை. அதை ஒரு நாளில் மாற்றிவிட முடியாது. ஆனால் ஏழை ஏமாறாமல் இருக்க முடியும். கடையின் முகப்பில் விலைப்பட்டியல் இருக்க வேண்டும் என்பது விதி. வாங்கும் பொருளுக்கு ரசீது கேட்பது உங்கள் உரிமை. ரசீது கொடுக்கவில்லை என்றால் உணவு இலவசம் என்று ரயில்வேயே அறிவித்திருக்கிறது. ரயில்வேயின் தண்ணீர்ப் புட்டி ஒரு லிட்டர் 15 ரூபாயாக இருந்து, 2025 செப்டம்பரில் 14 ரூபாய் ஆனது. குழாயில் வரும் குடிநீருக்குக் காசே இல்லை.

வழியில் ஒரு நிலையத்தில் நமக்கு நேர்ந்தது இது. தண்ணீர்ப் புட்டிக்கு இருபது ரூபாய் கேட்டார் கடைக்காரர். நாம் வாய் திறக்குமுன், நம்மோடு வந்த மாணவத் தோழர் ஒருவர் “பில் போடுங்க அண்ணே” என்றார். அவ்வளவுதான்! அடுத்த நொடியில் மீதிச் சில்லறை மேசைமேல் விழுந்தது. சண்டை இல்லை, சவால் இல்லை, ஒரே ஒரு சொல். அதற்கும் அசையாதவர் என்றால் 139 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். ஐந்து ரூபாய்க்கு இத்தனை பாடா என்பீர்கள். ஐந்து ரூபாயல்ல கேள்வி. “இவன் கேட்கமாட்டான்” என்ற அந்த எண்ணம்தான் கேள்வி!

2023-ஆம் ஆண்டு முதல், பொதுப் பெட்டி வந்து நிற்கும் இடத்திற்கு அருகே 20 ரூபாய்க்கு உணவுப் பொட்டலம் விற்கும் திட்டம் நடக்கிறது. தயிர்ச்சோறு, புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு என்று நம் பக்கத்து உணவு. எல்லா நிலையத்திலும் இல்லை. இருக்கும் இடத்தில் கேட்டு வாங்குங்கள். இருபது ரூபாய்ச் சோறு என்று கூச வேண்டாம். அது பிச்சையல்ல, விலை கொடுத்து வாங்குவது.

கடைவீதி போல் நிலையத்தில் என்னென்னவோ விற்கிறது. பிள்ளைக்குப் பொம்மை, மனைவிக்கு வளையல் என்று மனம் இழுக்கும். வாங்குங்கள், ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தஞ்சையின் தலையாட்டிப் பொம்மை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, திருவையாற்று அசோகா, 2025-ல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலை எல்லாம் நம் மண்ணின் தொழிலாளி கைபட்டவை. போகும்போது நம் பொருளை எடுத்துப் போய் உறவினருக்குக் கொடுப்போம். ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ என்று 2022-ல் தொடங்கிய கடைகள் உள்ளூர்ப் பொருளுக்கென்றே இருக்கின்றன. அந்தக் கடைகளை ஆதரிப்போம்.

ஊர் திரும்பித் தஞ்சை ரயிலடியில் இறங்கினோம். பக்கத்துப் பாதையில் சரக்கு வண்டி நின்றது. நாற்பதுக்கு மேல் பெட்டிகள். நுகர்பொருள் வாணிபக் கழகம் வாங்கிய நெல் மூட்டை மூட்டையாக ஏறிக்கொண்டிருந்தது. வெளி மாவட்டத்து ஆலைகளில் அரிசியாகப் போகிற நெல். தோழர் நின்று பார்த்தார். “நம்ம பக்கத்து நெல்லும் இதுல இருக்கும் தம்பி” என்றார். குரலில் ஒரு பெருமிதம்! எழும்பூரில் கதவுக்கு வெளியே தயங்கி நின்ற அதே மனிதர்! அவர் நட்ட நெல் எந்தக் கதவிலும் நின்று அனுமதி கேட்பதில்லை. எந்த மாளிகையின் இலையிலும் கூசாமல் விழுகிறது. நட்டவர் மட்டும் “உக்காரலாமா?” என்று கேட்கிறார்.

இப்போது அந்த விடையைச் சொல்வோம். சொல்ல நமக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்வோம். அந்தக் கேள்வியை அவருக்குக் கற்றுக்கொடுத்தது ரயிலடியல்ல. ஊர்த் தேநீர்க் கடை! ஒரு சாராருக்குக் கண்ணாடிக் குவளை, இன்னொரு சாராருக்குத் தனிக் குவளை என்று பல காலம் பிரித்து வைத்த நம் ஊர்த் தேநீர்க் கடை. பெஞ்சில் உட்காராதே, திண்ணையோரம் நின்று குடி, குடித்ததைக் கழுவி வை என்று சொன்ன கடை. அங்கே பலகை எதுவும் தொங்கவில்லை. எழுதாத பலகை அது. அதனால்தான் அதைக் கழற்றுவது கடினமாக இருக்கிறது. எழுதிய பலகையைப் பிராமணாள் எழுதினார் என்றோம்; எழுதாத பலகையை மாட்டியது யார்? நாம்தான்! நம்மில் ஒரு பகுதிதான்! கூட்டத்தில் பெரியார் வாழ்க என்று முழங்கிவிட்டு, கடைக்கு வந்ததும் குவளையைப் பிரித்துப் பார்த்த கைகள் நம்மிலும் உண்டு. இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

இன்னொன்றும் கேளுங்கள். இன்று காவிரிப் படுகையில் நாற்று நடுவதற்கு மேற்கு வங்கத்திலிருந்து தொழிலாளர்கள் வருகிறார்கள். பலநூறு கல் தொலைவு பொதுப் பெட்டியில் வந்து, நமக்குத் தெரிந்த அதே களைப்போடு, நம் ஊர்க் கடைவாசலில் நிற்கிறார்கள். அவர்கள் மொழி வேறு, பசி வேறல்ல. நாம் எதிர்த்தது இந்தித் திணிப்பை; எந்தத் தொழிலாளியையும் அல்ல. அவர்களும் “உக்காரலாமா?” என்று கண்ணால் கேட்கிறார்கள். விடை சொல்ல வேண்டியது இப்போது நம் முறை.

ஆகவே தோழர்களே, வேண்டுகோள் ஒன்று. நகரத்து நிலையத்தில் விலைப் பலகையைப் படியுங்கள், ரசீது கேளுங்கள், தலை நிமிர்ந்து உட்கார்ந்து உண்ணுங்கள். ஊர் திரும்பியதும், நாளைக் காலை உங்கள் ஊர்த் தேநீர்க் கடைக்குப் போங்கள். தெருவோரம் நிற்கும் ஒருவரைப் பெயர் சொல்லி, அண்ணன் என்று சொல்லி, கையைப் பிடித்துப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரே வகைக் குவளையில் இருவரும் குடியுங்கள். கூட்டம் வேண்டாம், கொடி வேண்டாம், ஒரு குவளைத் தேநீர் போதும்.

1941-ல் ரயிலடியில் பலகையைக் கழற்றினார்கள் நம் முன்னோர். ஊரில் மிச்சமிருக்கும் பலகையைக் கழற்ற வேண்டியவர்கள் நாம்!