ஆற்றின் நடுவே ஓர் அளவுகோல்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்து ஆற்றை எதிர்த்து மேலே போனால், குறுக்குத்துறையில் தாமிரபரணிக்குள்ளேயே நிற்கிறது முருகன் கோயில். வெள்ளம் வரப்போகிறது என்றால் உற்சவர் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குப் போய்விடுவார். கோயில் எதுவரை மூழ்கியது என்பதை வைத்தே நெல்லைக்காரர்கள் வெள்ளத்தை எடைபோடுகிறார்கள். அந்தக் கோயில் ஊரின் நினைவு. நினைவு என்றதும் பழையதைப் போட்டுவைக்கும் பரண் என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அதன் வேலை, இப்போது என்ன செய்வது என்று சொல்வதுதான். யானைகளிடமும் இதைப் பார்க்கலாம். 1993இல் தான்சானியாவின் தரங்கிரே பூங்காவில் கடும் வறட்சி. 81 யானைக் கன்றுகளில் 16 இறந்தன. பூங்காவை விட்டு வெளியேறிய கூட்டங்களில் இழப்பு குறைவு. அவற்றின் தலைவிகள் 1958-61 வறட்சியைக் கண்டிருக்கக்கூடிய வயதினர். அந்த நினைவுதான் வழிகாட்டியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெள்ளத்தைக் கணிக்கும் கணினிக்கும் இதே தேவை உண்டு. காய்ந்த மண்ணில் பெய்யும் மழை உள்ளே இறங்கும். ஊறிய மண்ணில் அதே மழை ஆற்றுக்கு ஓடும். ஆகவே இன்றைய மழை மட்டும் தெரிந்தால் போதாது, கடந்த வாரங்களின் மழையும் தெரிய வேண்டும். 1997இல் அறிமுகமான எல்எஸ்டிஎம் என்ற கணினி முறை இதற்கு உதவுகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதைத் தரவுகளிலிருந்து அதுவே கற்றுக்கொள்கிறது. மறக்கத் தெரிவதும் நினைவின் திறமையே.

நினைவு ஏமாற்றவும் செய்யுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1992இல் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அதையே எல்லையாகக் கொண்டிருந்தால், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்தக் கணக்கு பொய்த்திருக்கலாம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. நெல்லை கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. ஆனால் பிழை நினைவில் இல்லை, நடந்ததையே உச்சவரம்பாக எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. மூளையில் நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி பழுதடைந்தவர்களை லண்டன் ஆய்வாளர்கள் சோதித்து 2007இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நடந்ததை நினைவுகூர முடியாத அவர்களில் பெரும்பாலோருக்கு, நடக்காத ஒரு காட்சியைக் கோவையாகக் கற்பனை செய்யவும் முடியவில்லை. அப்படியென்றால் இதுவரை வராத வெள்ளத்தை மனத்தில் பார்ப்பதற்கும் நினைவுதான் மூலப்பொருள். கணினியும் ஓர் ஆற்றின் பதிவோடு நின்றுவிடாமல் பல ஆறுகளின் பதிவுகளைச் சேர்த்துப் படிக்கும்போது மேலாகக் கணிக்கிறது. அடுத்த ஊரின் வெள்ளமும் நமக்குப் பாடமாக வேண்டும். அதற்கு முதலில் நம் ஊரின் பதிவு அழியாமல் இருக்க வேண்டும். 2023இல் தண்ணீர் ஏறிய தடம் உங்கள் வீட்டுச் சுவரில் இன்னும் தெரிகிறதா? அடுத்த முறை வெள்ளையடிப்பதற்குள் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுத் தேதியையும் எழுதிவையுங்கள்.